ஓவியர் வான்கோவும் மனநோயும் – ஒரு நாட்கணக்கு

மேதை என்றால் கொஞ்சம் பித்தும் இருக்கும் என்று நம்மவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்வதுண்டு. அதற்கு உடனே காட்டும் சாட்சி டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ (1853–1890). "காதை அறுத்துக்கொண்டாரே, அவர்தானே?" என்று பள்ளிப் பிள்ளையும் கேட்கும். அந்தப் பித்துதான் அவரை வரைய வைத்தது என்பது ஊர்ப்பேச்சு. அது சரிதானா என்று தேதிகளை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கலை விமர்சகன் அல்லன். கணக்கெழுதிப் பிழைக்கும் வியாபாரி. ஆனால் வான்கோ எழுதிய கடிதங்கள் 800க்கு மேல் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. எந்தப் படத்தை எப்போது வரைந்தார், எத்தனை டியூப் வண்ணம் வேண்டும், கையில் என்ன மிச்சம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார். ஒரு கடைக்காரனுக்கு இதைவிட நல்ல பேரேடு கிடைக்குமா?

அண்ணன் தம்பி ஏற்பாடு

வான்கோவும் முதலில் கடைக்காரர்தான். 16 வயதில் கூப்பில் என்ற ஓவிய வியாபார நிறுவனத்தில் சேர்ந்தார். 1876இல் அந்த வேலை போயிற்று. ஓவியராவது என்று முடிவு செய்தது 1880இல், 27 வயதில். அதே நிறுவனத்தில் வேலை பார்த்த தம்பி தியோ மாதாமாதம் பணம் அனுப்பினார். 1884இல் அண்ணன் ஓர் ஏற்பாடு சொன்னார்: வரையும் படமெல்லாம் உனக்கு, நீ அனுப்பும் பணம் அதற்கு விலை. தர்மப் பணம் வாங்குகிறோம் என்ற கூச்சம் வேண்டாமே என்று நினைத்திருக்கிறார். இப்படிப் பத்தே வருஷத்தில் சுமார் 860 எண்ணெய் ஓவியங்கள் தேறின.

நோய் வந்த விதம்

1888 பிப்ரவரியில் தென் பிரான்சில் உள்ள ஆர்ல் நகருக்குப் போனார். அங்கே சக ஓவியர் காகினுடன் தகராறு முற்றிய 1888 டிசம்பர் 23 இரவில்தான் காதை அறுத்துக்கொண்டார். இது ஒருவகை வலிப்பு நோய் என்பது ஆஸ்பத்திரி டாக்டர் ரேயின் கருத்து. இரண்டு வாரத்தில் வீடு திரும்பி, ஜனவரியிலேயே வரையத் தொடங்கிவிட்டார். பிப்ரவரியில் நோய் மறுபடி வந்தது. அக்கம்பக்கத்தார் முப்பது பேர் இவரை அப்புறப்படுத்தச் சொல்லி மேயருக்கு மனுக் கொடுத்தார்கள்; போலீஸ் வீட்டைப் பூட்டியது. துணைக்கு நின்றவர்களில் ஒருவர் தபால் ஊழியர் ரூலான். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்து, தியோவுக்குக் கடிதம் போட்டதும் அவர்தான்.

செயின்ட் ரெமி கணக்கு

1889 மே 8 அன்று வான்கோ தாமாகவே சம்மதித்துச் செயின்ட் ரெமி மனநல விடுதியில் சேர்ந்தார். யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை. வைத்தியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. வாரம் இரண்டு தடவை நீண்ட நேரத் தொட்டிக் குளியல், அவ்வளவுதான். அறைகள் பல காலியாகக் கிடந்ததால் ஓர் அறை வரைவதற்குக் கிடைத்தது.

அங்கிருந்தது ஒரு வருஷமும் ஒரு வாரமும். இப்போது கணக்கைப் பாருங்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே தோட்டத்து ஐரிஸ் மலர்களை வரையத் தொடங்கினார். உலகமே அறிந்த 'விண்மீன் இரவு' ஜூன் மாதத்துப் படம். சன்னல் வழியே பார்த்த வானத்தை நினைவில் வைத்துப் பகலில் வரைந்தது. இரண்டும் நோய் தணிந்திருந்த நாட்கள்.

ஜூலை நடுவில் நோய் தாக்கியது. வண்ணத்தையே வாயில் போட்டுக்கொண்டதால் டாக்டர் வண்ணங்களை எடுத்து வைத்துவிட்டார். ஆறு வாரம் போனது. பிறகு டிசம்பர் கடைசியில் ஒரு வாரம், ஜனவரியில் ஒரு வாரம், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மாதம். கூட்டினால் நான்கு மாதம். அங்கே வரைந்த சுமார் 150 ஓவியங்களில் பெரும்பாலானவை மீதி எட்டு மாதத்தில் வந்தவை. கடைசி இரண்டு மாதத்தில் நினைவிலிருந்து வரைந்தவை சிலவே.

தம்பிக்குப் பிள்ளை பிறந்தது 1890 ஜனவரி 31. அந்தக் குழந்தைக்காக நீல வானத்தில் பூத்த பாதாம் கிளையை வரைந்தார். அடுத்து நோய் வந்து பாதாம் பூக்கும் பருவமே கைநழுவிப் போனதைத் தம்பிக்கு வருத்தத்தோடு எழுதினார். நோய்தான் வரைய வைத்தது என்றால் இந்த வருத்தம் ஏன்? நோய் அவருக்குச் செலவுப் பக்கம்தான். வரவெல்லாம் தெளிந்த நாட்களில் உழைத்த உழைப்பு.

அதன் பின்

1890 மே மாதம் பாரிசுக்கு அருகே ஓவேர் கிராமத்துக்குப் போனார். எழுபது நாளில் எழுபதுக்கு மேல் படங்கள். ஜூலை 27 அன்று தம்மையே சுட்டுக்கொண்டார். 29 அன்று தம்பி பக்கத்திலிருக்க உயிர் பிரிந்தது. வயது 37. அவர் வாழ்ந்தபோது விலைபோனதாக உறுதியாகப் பெயர் சொல்லத்தக்க ஓவியம் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்', 400 ஃபிராங்க்.

ஆறே மாதத்தில் தியோவும் உடலும் மனமும் கெட்டு இறந்தார். தங்கை வில்லெமினா 1902 முதல் 1941இல் இறக்கும் வரை மனநல விடுதியிலேயே இருந்தார். அந்தத் தங்கையிடமிருந்து எந்த ஓவியமும் பிறக்கவில்லை. அவரைப் பற்றிப் பேசுவாரும் குறைவு. ஒரே குடும்பத்தில் இத்தனை துயரம். 28 வயதில் விதவையான தியோவின் மனைவி ஜோஹன்னா படங்களைக் காப்பாற்றி, 1905இல் ஆம்ஸ்டர்டாமில் 450க்கு மேற்பட்ட படைப்புகளைக் கண்காட்சியாக வைத்து, 1914இல் கடிதங்களையும் அச்சிட்டார். அவர் கொழுந்தனின் கதையை மறைத்திருந்தால் நமக்கு இந்தப் பேரேடு கிடைத்திராது.

நோயின் பெயர் என்ன? 2016இல் ஆம்ஸ்டர்டாமில் நிபுணர்கள் கூடிப் பேசியும் ஒருமித்த முடிவு வரவில்லை.

நமக்கு என்ன?

"மேதை அப்படித்தான் இருப்பான்" என்று ரசிப்பதும், "வெளியே தெரிந்தால் பெண் கொடுப்பார்களா?" என்று பிள்ளையை அறைக்குள் வைப்பதும் ஒரே இடத்தில்தான் முடியும்: நோயாளிக்கு வைத்தியம் கிடைக்காது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்குச் சொந்தபந்தம் அருகில் இல்லை. மனக்கஷ்டத்தை இந்தியிலோ இங்கிலீஷிலோ டாக்டரிடம் சொல்லவும் வருவதில்லை. 2022 முதல் அரசின் டெலி மனஸ் சேவை 14416 எண்ணில் இருக்கிறது; தமிழிலும் பேசலாம். வான்கோ காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று உண்டு. எட்டு மாதத்தில் அவ்வளவு செய்தவருக்கு மீதி நான்கு மாதமும் கிடைத்திருந்தால்? நம் வீட்டுப் பிள்ளைகளின் நாட்களையாவது வீணாக்காமல் காப்போம்.