தேர்ச்சீலையும் கொலாஜும்

துணியை வெட்டி, வேறொரு துணியின் மேல் பொருத்தித் தைத்து உருவம் காட்டும் ஒட்டுத்தையல், தஞ்சைப் பகுதியின் கோயில் தேர்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் கலையாயினும், கலை வரலாற்று நூல்கள் அதைப் பெரும்பாலும் அலங்காரம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. தேரின் அடிப்பகுதி நிலையான மரச்சிற்ப வேலை; அதற்கு மேலுள்ள பகுதியோ விழாதோறும் மரமும் மூங்கிலும் கட்டி, சீலை சுற்றி எழுப்பப்படுவது. அலங்காரம் முடிந்த திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம் என்பர். அதில் பெரும்பங்கு இந்தச் சீலைக் கட்டுமானத்துக்கே உரியது.

தேரில் தொங்கவிடப்படும் உருளை வடிவத் துணிக்குழல்களுக்குத் தொம்பை என்று பெயர். சிவப்பு, வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்புத் துண்டுகளால் யாளியும் தாமரையும் கிளியும் அவற்றில் உருப்பெறுகின்றன. வீதியில் நிற்பவரின் கண்ணுக்கு எட்ட வேண்டுமென்பதால், தைப்பவர் நுணுக்கத்தைக் குறைத்து, புறக்கோட்டைத் தெளிவாக்கி, ஒரு நிறம் மற்றொன்றை எடுத்துக்காட்டும்படி வெட்டுகிறார். உருளை காற்றில் திரும்பிக்கொண்டே இருப்பதால் முழு உருவமும் ஒருசேரத் தெரிவதுமில்லை. அரூப ஓவியம், அதாவது உருவத்தைப் பின்னுக்குத் தள்ளி நிறத்தையும் வடிவத்தையுமே பேசவைக்கும் ஓவியம், தேடிச்சென்ற சிக்கல்களில் சில இத்தையற்காரர்களின் கைப்பழக்கத்தில் முன்பே தீர்க்கப்பட்டிருந்தன என்பது மிகையன்று.

மேற்கில் பிக்காசோ 1912இல் எண்ணெய்த்துணித் துண்டு ஒன்றை ஓவியத்தில் ஒட்டியதும், கொலாஜ் எனப்படும் ஒட்டோவியம் காட்சிக்கூடங்களில் இடம்பெறத் தொடங்கியது. அமெரிக்கரான ஆன் ரயன் (1889–1954), குர்ட் ஷ்விட்டர்ஸின் ஒட்டோவியங்களை 1948இல் நியூயார்க்கில் கண்ட பின், எஞ்சிய ஆறாண்டுகளில் ஏறத்தாழ 400 ஒட்டோவியங்களைப் படைத்தார். நைந்த துணியும் பிரிந்த நூலும் கையால் செய்த தாளும் சேர்ந்த அச்சிறு படைப்புகள், தொம்பைக்கு நேர்மாறாக, அருகில் குனிந்து பார்ப்பதற்கானவை.

இரண்டின் கதியும் வேறு. ரயனின் துணுக்குகள் கண்ணாடிக்குப் பின்னே அருங்காட்சியகங்களில் காக்கப்படுகின்றன. வெயிலிலும் மழையிலும் உழைத்த தேர்ச்சீலையோ நைந்ததும் கழிக்கப்பட்டுப் புதியதற்கு இடம் விடுகிறது. துணிக்குக் கிடைக்கும் ஆயுள் அதன் அழகைப் பொறுத்ததன்று, யார் கையில் சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. திப்பு சுல்தானின் சாயத்துணிக் கூடாரம், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆங்கிலேயர் வசமானதால்தான், இன்றும் வேல்ஸ் நாட்டின் பொவிஸ் கோட்டைத் தொகுப்பில் இருக்கிறது. ரயனின் ஒட்டோவியங்கள் பலவும் எண்ணிட்டு, ஆசிரியர் பெயரோடு பட்டியலில் ஏறியுள்ளன. தொம்பையில் தைத்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இல்லை.