தாய்ப்பலகையும் கணிப்பொறியின் வேகமும்

இரண்டு கணிப்பொறிகள். இரண்டிலும் ஒரே வகைச் செயலி, ஒரே அளவு நினைவகம். தாய்ப்பலகை மட்டும் வேறு. ஒரே கடிதத்தையும் ஒரே வரவுசெலவுக் கணக்கையும் இரண்டிலும் செய்து பார்த்தால் வேகம் மாறுபடுமா? 1990ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு விடை ‘ஆம்’ என்பதே. இன்றோ ‘பெரும்பாலும் இல்லை’ எனலாம். விடை மாறிய வரலாறு சுவையானது. அதில் கொஞ்சம் மோசடியும் உண்டு.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பீசியில் இன்டெல் 8088 செயலி இருந்தது. அதன் கடிகாரத் துடிப்பு வினாடிக்கு 47 லட்சத்து 70 ஆயிரம். ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 210 நானோ வினாடி. நினைவகத்தை ஒருமுறை அணுக நான்கு துடிப்புகள், அதாவது 840 நானோ வினாடி, தேவைப்பட்டன. அக்காலத்து நினைவகச் சில்லுகளுக்கு 200 முதல் 250 நானோ வினாடியே போதும். ஆகவே செயலி கேட்குமுன் நினைவகம் தயாராக இருந்தது. இந்நிலையில் தாய்ப்பலகை வெறும் இணைப்புப் பலகைதான்; அதில் ஒப்பிட அதிகம் இல்லை.

இந்த உறவு சில ஆண்டுகளில் தலைகீழாயிற்று. 33 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய 386 செயலி, இரண்டே துடிப்புகளில், அதாவது 60 நானோ வினாடியில், விடையை எதிர்பார்த்தது. சாதாரண நினைவகச் சில்லுகளோ 70, 80 நானோ வினாடி எடுத்துக்கொண்டன. செயலி சும்மா காத்திருக்க வேண்டியதாயிற்று. இதைப் போக்கப் பலகை செய்வோர் ஒரு வழி கண்டனர். மளிகைக் கடைக்காரர் எல்லாச் சரக்கையும் கிடங்கில் வைத்தாலும், அடிக்கடி கேட்கப்படும் உப்பையும் சர்க்கரையையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வார் அல்லவா? அதுபோல, விலை மிகுந்த விரைவுச் சில்லுகள் சிலவற்றைச் செயலிக்கு அருகே பலகையில் பொருத்தினர். இதற்குக் ‘கேஷ்’ நினைவகம் என்று பெயர். இது எவ்வளவு உள்ளது, எப்படி இணைக்கப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்துப் பலகைக்குப் பலகை வேகம் மாறிற்று.

அளப்பது எப்படி? பீட்டர் நார்ட்டனின் மென்பொருள் தொகுப்பில் இருந்த ஒரு சிறு நிரல், முதல் பீசியின் வேகத்தை 1 எனக் கொண்டு மற்றவற்றுக்கு மதிப்பெண் தந்தது. 1984இல் ரைன்ஹோல்ட் வைக்கர் எழுதிய டிரைஸ்டோன் சோதனையும் புகழ்பெற்றது. இத்தகைய சோதனைகளில் ஒரு குறை உண்டு. நிரல் மிகச் சிறியது. முழுவதுமே கேஷுக்குள் அடங்கிவிடும். கைக்கெட்டும் உப்பையே நூறு முறை கேட்டுவிட்டு, கிடங்கு நெருக்கத்தில் உள்ளது எனத் தீர்ப்பளிப்பது போன்றது இது.

இந்தக் குறையை 1990களின் நடுவில் சிலர் பயன்படுத்திக்கொண்டனர். அக்காலத்தில் விற்பனையான சில 486 பலகைகளில், கேஷ் சில்லு இருக்கவேண்டிய இடத்தில் உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக் துண்டுகள் பற்றவைக்கப்பட்டிருந்தன! பொறியை இயக்கினால் திரையில் 256 கிலோபைட் கேஷ் உள்ளதாகவே காட்டும். தொடக்க நிரலையும் அதற்கேற்பத் திருத்தியிருந்தனர். 486 செயலிக்குள்ளேயே 8 கிலோபைட் கேஷ் இருந்ததால், சிறு சோதனைகள் அதற்குள் அடங்கி நல்ல மதிப்பெண் பெற்றுவிடும். குட்டு வெளிப்பட்டது வேறொரு சோதனையால். 4 கிலோபைட், 64 கிலோபைட், 512 கிலோபைட் என அளவைக் கூட்டிக்கொண்டே தரவுகளைப் படித்தால், உண்மையான பலகையில் வேகம் படிப்படியாக இறங்கும். போலிப் பலகையிலோ 8 கிலோபைட்டைத் தாண்டியதும் நடுப்படியே இல்லாமல் அடித்தளத்துக்கு விழும்.

மோசடி இல்லாமலே ஏமாந்தவர்களும் உண்டு. 1997இல் பரவிய இன்டெல் 430டிஎக்ஸ் சில்லுத்தொகுதி, முதல் 64 மெகாபைட் நினைவகத்துக்கு மட்டுமே கேஷ் வசதி தந்தது. அதற்கு மேல் காசு கொடுத்து நினைவகம் சேர்த்தவர்களின் பொறி சில வேலைகளில் மந்தமாயிற்று! விண்டோஸ் 95 நினைவகத்தை மேல்முனையிலிருந்தே நிரப்பத் தொடங்கும். ஆதலின் அன்றாட நிரல்கள் கேஷ் இல்லாத பகுதியிலேயே குடியேறின. நினைவகம் போதாமல் ஓயாது வட்டைத் தேடியவர்களுக்கு மட்டும் இந்தச் செலவு லாபமே.

சொற்செயலி, விரிதாள் போன்ற உண்மையான நிரல்களையே ஓட்டி நேரம் குறிக்கும் சோதனைகளும் இக்காலத்தில் நிலைபெற்றன. விரும்பத்தக்க முறை இதுவே என்பது என் கருத்து. ஆனால் இதிலும் தந்திரம் நுழைந்தது: 100 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லிவிட்டு, ஓரிரு மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகப் பலகையை ஓட்டி முதலிடம் பிடிப்பது!

இதற்கிடையே தாய்ப்பலகையின் பொறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிக்கு மாறின. 1997இல் பென்டியம் II கேஷைத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டது. நினைவகத்தை ஆளும் பகுதி இன்னும் பலகையில் இருந்தது. 2001இல் விஐஏ நிறுவனத்தின் கேடி266, கேடி266ஏ என்ற இரு சில்லுத்தொகுதிகள், ஒரே செயலியை வைத்தும் வேகத்தில் நன்றாகவே வேறுபட்டன. 2003இல் ஏஎம்டியின் அத்லான் 64 அப்பகுதியையும் உள்வாங்கிற்று. இன்டெல் 2008இல் அதைச் செய்து, 2009இல் வரைகலை அட்டைக்கான இணைப்பையும் செயலிக்குள் கொண்டுவந்தது. செயலியும் நினைவகமும் ஒன்றாக இருந்தால், அன்றாட வேலையில் இரு பலகைகளுக்கு இடையே இன்று காணும் வேறுபாடு கடிகாரத்தை உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

எஞ்சிய வேறுபாடு பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றியது. இன்டெல் வகுத்த மின்திறன் வரம்பைத் தளர்த்தி அதிக மதிப்பெண் பெறும் வழக்கம் பலகைகளில் வளர்ந்தது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் சில நிலையற்று இயங்கின. இயல்பு வரம்புகளையே பின்பற்றுமாறு இன்டெல் கூறிற்று. எனினும் முக்கியக் குறை மிகுதியான மின்னழுத்தம் என்றும், அதில் தன் செயலியின் நுண்நிரலுக்கும் பங்கு உண்டு என்றும் பின்னர் தெரிவித்து, ஆகஸ்டில் திருத்தம் வெளியிட்டது.

பயனாளர் நேரில் உணரும் வேறுபாடு இன்னொன்று உண்டு. டிடிஆர்5 நினைவகம் பொருத்திய சில பலகைகள், முதல்முறை இயக்கும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும்; அதுவரை திரை இருண்டிருக்கும். வழக்கமான வேகச் சோதனை எதுவும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திரை ஒளிர்ந்து, இயங்குதளம் ஏறிய பிறகே அவற்றின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.