டீ ஆத்துற மாதிரி கடல்நீர்

1846ல அன்னா தின் என்ற பெண்மணி டார்க்கீ கடற்கரையில இருந்து பவள உயிரிகளை லண்டன் வீட்டுக்குக் கொண்டுபோனாங்க. புதுக் கடல்நீருக்கு எங்க போறது? வீட்டுப் பணிப்பெண் தினமும் ஜன்னலோரம் நின்று, அரைமணி முக்கால்மணி நேரம் அதே தண்ணியைப் பாத்திரம் மாத்தி மாத்தி ஊத்தினாங்க. நம்ம டீ மாஸ்டர் ஆத்துற மாதிரியே! என்னைக் கேட்டா, ஏர் பம்ப்பே அவங்கதான்.

ஆனா காற்று பாதிக் கதைதான். பாறைக்குப் பின்னால ஒரு நத்தை செத்து அழுகினாப் போதும், அம்மோனியா ஏறிடும். தண்ணி பளிச்னு இருக்கும், மீன் சாகும். அந்த அம்மோனியாவை மாத்துற பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி பிரிச்சுக் காட்டினது 1890 வாக்குலதான். அதுக்குள்ள 1850களோட மீன்தொட்டி மோகமே அடங்கிடுச்சு.

போன மாசம் என் தொட்டியில ஒரே ராத்திரியில நாலு மீன் போச்சு. டெஸ்ட் கிட்ல நிறம் மாறினதும், உப்பளவு பார்த்துப் பாதித் தண்ணியை மாத்தினேன். மிச்சம் ரெண்டும் பிழைச்சுது.