கிந்தாச் சதுப்பின் ஓர்க்கிட்

சிங்கப்பூரின் தேசிய மலர் ‘வண்டா மிஸ் ஜோக்கிம்’ என்பது பலரும் அறிந்ததே. 1981ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி அத்தகைமை அதற்குக் கிடைத்தது. அம்மலர் ஒரு கலப்பினம் என்பதும், அதன் பெற்றோரில் ஒன்று மலாயாச் சதுப்புகளின் காட்டு ஓர்க்கிட் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அக்காட்டுச் செடிக்குத் தாவரவியலார் இன்று வழங்கும் பெயர் பப்பிலியோனாந்தே ஹூக்கெரியானா. பேராக் மாநிலத்துக் கிந்தாப் பள்ளத்தாக்கில் மலிந்து கிடந்தமையால் ஆங்கிலேயர் அதனைக் ‘கிந்தாக் களை’ என்றனர். பென்சில் போல் உருண்ட இலைகள். நீரோரப் புதர்களைப் பற்றி ஏறும் தண்டு. வெண்மையும் ஊதாவும் கலந்த மலரின் அகன்ற உதட்டிதழில் புள்ளிகள். அடி ஈரத்திலும் தலை வெயிலிலும் இருக்கவேண்டிய செடி அது.

சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி அக்னஸ் ஜோக்கிம், இதனையும் இமயமலை அடிவாரம், பர்மா முதலிய இடங்களுக்குரிய வண்டா தெரெஸையும் கலந்து புதிய செடியை உருவாக்கினார். தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி ரிட்லி 1893இல் இலண்டன் தோட்டக்கலைச் சஞ்சிகையொன்றில் இதனை அறிவித்தபோது, கலப்பைச் செய்தவர் அக்னஸே என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதினார். 1899இல் அக்னஸ் காலமானார். பின்னாளில், அது இயற்கையாய் உண்டானது, மூங்கிற் புதரொன்றில் அவர் கண்டெடுத்தார், அவ்வளவே என்றொரு கதை பரவிற்று. அறிஞர் சிலரும் அதனை வழிமொழிந்தனர். ரிட்லியின் எழுத்து கண்முன் இருக்கவே ஒரு பெண்ணின் உழைப்பு தற்செயலாக்கப்பட்டது. 2016இற்றான் சிங்கப்பூர் அரச நிறுவனங்கள் அவரையே அம்மலரை உருவாக்கியவராக ஏற்றுக்கொண்டன.

கிந்தாவின் கதை வேறு. 1880களில் அங்கு வெள்ளீயம் தேடிப் பெருங்கூட்டம் திரண்டது. 1910களில் இராட்சத அகழ்கப்பல்கள் வந்தன. ஈயம் கிடந்ததும் ஓர்க்கிட் வளர்ந்ததும் ஒரே தாழ்நிலத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு எழுதுவினைஞராகவும் புகையிரதப் பகுதியினராகவும் சென்ற எம்மவரும் அந்த ஈயச் செழிப்பில் வாழ்ந்தவர்களே. மலாயாப் பென்சன்காரரின் கல்வீடுகளைச் சிறுவயதில் வியந்து பார்த்தவன் நான். அப்பணத்துக்குப் பின்னால் தோண்டப்பட்ட ஒரு நிலம் இருந்ததென்று அன்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. 1985இல் ஈயச் சந்தை சரிந்தது, சுரங்கங்கள் மூடப்பட்டன. மணல்வெளிகளும் நீர்க்குட்டைகளுமே எஞ்சின.

செடி முற்றாக அழிந்துவிடவில்லை. சுமாத்திராவிலும் போர்னியோவிலும் அதற்கு இடமுண்டு. ஆயினும் எங்கும் கிடைக்கிறதே என்று களையாக எண்ணியதை யார் காக்க நினைப்பார்? அக்னஸுக்குச் சான்றாக ரிட்லியின் ஒரு பத்தியேனும் இருந்தது. கிந்தாச் சதுப்புக்காகச் சாட்சி சொல்ல அந்த ஏளனப் பெயர்தான் இருக்கிறது.