திரைக்குப் பின்னால் ஒரு குரல்

2023 செப்டம்பர் 8 காலை. சென்னையில் 'எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த மாரிமுத்துவுக்கு உடம்பு முடியாமல் போனது. வெளியே வந்து, தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். வீடு திரும்பவில்லை. ஊரே 'இந்தாம்மா ஏய்' என்று பேசிப் பார்த்துக்கொண்டிருந்த ஆதி குணசேகரன் பாதிக் கதையில் நின்றுபோனார். கொஞ்ச நாளில் எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். அவர் மாரிமுத்து மாதிரி பேசவில்லை, தன் மாதிரியே பேசினார். ஆனாலும் எங்கள் திண்டிவனம் பக்கம் பல வீடுகளில், "ஆளு சரி, குரல்தான் ஒட்டல" என்றார்கள்.

குரல் மட்டும் ஏன் ஒட்டுவதில்லை? கார்ட்டூன் தொடர்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிவிடுகிறது. அங்கே முகம் வரைந்த முகம், அதற்கு வயசாகாது. சாவு குரலுக்கு மட்டும்தான்.

'சிம்ப்சன்ஸ்' தொடரில் டீச்சர் கிரபாப்பலுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013இல் இறந்தார். பாத்திரத்தையும் அவரோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். ஜப்பானின் 'லூபின்' தொடரில் அது முடியாது. லூபின்தான் கதாநாயகன். 1971 முதல் அவனுக்குப் பேசிய யமாதா யசுவோ 1995 மார்ச்சில் இறந்தார். அடுத்த மாதமே வெளியான படத்தில் லூபினுக்குப் பேசியவர் குரீதா கன்இச்சி. யமாதாவின் லூபினை மேடையில் அப்படியே பேசிக் காட்டிப் பேர் வாங்கிய மிமிக்ரி கலைஞர் அவர்.

மிமிக்ரி நமக்கும் புதிதில்லை. முதலெழுத்திலேயே விழுப்புரத்தைச் சுமந்த வி.சி. கணேசனின் குரலைப் பேசாத மேடை தமிழ்நாட்டில் உண்டா? இரண்டு நிமிஷம் சிவாஜி போலப் பேசினால் கைதட்டல் கிடைக்கும். இரண்டு மணி நேரம் அதே குரலில் அழவும் கோபப்படவும் வேண்டும் என்றால்தான் சிக்கல்.

இதற்கு விழுப்புரம் மாவட்டத்தில் வெகுகாலமாக ஒரு பதில் இருக்கிறது: தெருக்கூத்து. செஞ்சி, திண்டிவனம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. கதை மாறுவதில்லை. துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறார்.

கூத்தில் வேஷக்காரர் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அவர் பின்னால் நின்று விருத்தம் பாடுகிறார். கிரீடமும் புஜக்கட்டையும் முழுசாகத் தெரிவதற்கு முன்னாலேயே குரல் கேட்டுவிடுகிறது. பழைய வாத்தியார் போய்ச்சேர்ந்துவிட்டார், இது வேற ஆள் என்று அங்கேயே ஊருக்குத் தெரிந்துவிடும். யாரும் அதை மறைப்பதில்லை. புது ஆள் ஒரு அடியைப் பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். பழையவருக்குப் பாடிய அதே வாய்கள். அந்தக் குரலில் பாதி எப்போதும் அவர்களிடம்தான் இருந்தது.

லூபினிலும் நடந்தது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. லூபினின் கூட்டாளி ஜிகெனுக்கு 1971 தொடரிலேயே பேசிய கொபயாஷி கியோஷி, 2021 வரை பேசினார். குரீதா தனியாக நிற்கவில்லை, பின்பாட்டு இருந்தது. போலச் செய்ய வந்தவர் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே லூபின் ஆனார். இன்று லூபினாக யமாதா பேசியதைவிட அதிக ஆண்டுகள் பேசியிருப்பவர் குரீதாதான்.

2024இல் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில், மறைந்த ஷாகுல் ஹமீதும் பம்பா பாக்யாவும் செயற்கை நுண்ணறிவு வழியாகப் பாடினார்கள். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாக ரஹ்மான் சொன்னார். அது நியாயமான ஏற்பாடு. ஆனால் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனாக எனக்கு இதில் ஒரு உறுத்தல் இருக்கிறது. இந்த மாதிரித் தொழில்நுட்பத்தில் பெரும்பாலும் உயிரோடிருக்கும் ஒருவர் பாட, அதன்மேல் இறந்தவரின் குரலைப் போர்த்துகிறோம். பாடியவர் திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறார்.

இப்படி ஒரு வசதி 1995இல் இருந்திருந்தால், யமாதாவின் குரல் பிசிறில்லாமல் தொடர்ந்திருக்கும். குரீதா என்ற ஒருவர் கிடைத்திருக்க மாட்டார்.

கூத்தில் திரையைப் பிடிப்பது மறைக்க இல்லை. விருத்தம் முடிந்ததும் விலக்கத்தான்.