நீலத்துணிக்கு ஒரு முத்திரை

திண்டிவனம் சாலையில் வரும் சரக்கு லாரி கோரிமேட்டில் இப்போது வரிக்காக நிற்பதில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2018 ஏப்ரல் முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. பொருள் என்ன, அளவு என்ன, எத்தனை கிலோமீட்டர் போகிறது என்பதெல்லாம் கிளம்பும்போதே கணினியில் ஏறிவிடும். 1954 வரை இதே மேடு இரண்டு ஆட்சிகளின் எல்லை. அந்தப் பக்கம் 1947 வரை பிரிட்டிஷ் சுங்கம், பிறகு இந்தியச் சுங்கம்; இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ஊர். சரக்கைப் பற்றி என்னென்ன விவரம் எழுத வேண்டும், அதை யார் சரிபார்ப்பது என்ற வழக்கு புதுச்சேரிக்குப் புதிதல்ல.

அந்த வழக்கில் அதிகம் அடிபட்ட பொருள் நீலத்துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் ‘கினே’ என்றார்கள். தென்னார்க்காட்டு அவுரியில் தோய்த்த பருத்தித்துணி அது. இங்கிருந்து பிரான்சு வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போகும். செனகல் ஆற்றங்கரையில் அதைக் கொடுத்துக் கருவேலப் பிசின் வாங்குவார்கள். அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணி அச்சுக்கூடங்களுக்குப் போகும். நீலத்துணியே அங்கே நாணயமாகப் புழங்கியது. கடனும் கூலியும் ‘இத்தனை துணி’ என்றே கணக்கிடப்பட்டன.

நாணயம் என்றால் எடை குறைக்க ஆட்கள் வராமல் இருப்பார்களா? நீளத்தில் ஒரு முழம் வெட்டினார்கள். இழையை இளக்கமாக நெய்தார்கள். பல முறை தோய்க்க வேண்டியதைப் பாதியில் நிறுத்தினார்கள். பிசின் வியாபாரமும் அப்போது ஆட்டம் கண்டிருந்ததால் செனகலின் செயின்ட் லூயி நகர வணிகர்கள் பாரீசுக்கு முறையிட்டார்கள். 1843-இல் அரசாணை பிறந்தது: செனகலுக்குப் போகும் துணிக்கு இன்ன நீளம், இன்ன அகலம், இன்ன எடை; புதுச்சேரியில் சோதித்து முத்திரை குத்த வேண்டும்; முத்திரை இல்லாத துணி அங்கே இறங்கக் கூடாது.

ஆனால் பிசின் விற்ற பாலைவனத்து மூர்கள் இந்த முத்திரையை மட்டும் நம்பிவிடவில்லை. துணியைக் கசக்கினார்கள், முகர்ந்தார்கள், தோலில் நீலம் ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். பிரான்சின் ரூவான் ஆலைகள் இயந்திரத்தில் போலித் துணி நெய்து அனுப்பியபோது மூக்கே அதைக் காட்டிக்கொடுத்தது. ஆணையை விடக் கறாரான சோதனை இதுதான் என்று சொல்லலாம்.

அந்த வாசனை சாயத்தாழியில் பிறந்தது. தாழியில் அவுரியோடு சுண்ணாம்பும் உவர்மண்ணும் சேரும். வேகவைத்த தகரை விதையை ஊற்றிப் புளிக்க விடுவார்கள். தாழிக்குள் நீர் பச்சை மஞ்சளாக இருக்கும். துணியை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டுக் கண்ணெதிரே நீலமாகும். பிறகு அலசல். அலசிய தண்ணீர் எங்கே போயிற்று, ஒரு துணிக்கு எத்தனை குடம் செலவாயிற்று, விதை வேக எத்தனை விறகு எரிந்தது? அரசாணை இவற்றைக் கேட்கவில்லை. வாங்குகிறவனுக்கு வேண்டியதைத்தான் விதி கேட்கும். அன்று அவனுக்கு வேண்டியது எடையும் நிறமும்.

வாங்குகிறவன் கேள்வியை மாற்ற நூற்றைம்பது ஆண்டு பிடித்தது. 1990-களில் சில அசோ சாயங்களை ஜெர்மனி தடை செய்தது. புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாக அவை பிரியும் என்பது காரணம். பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வந்தது. இந்தியாவும் 112 சாயங்களை விலக்கியது. திருப்பூர், கரூர், ஆம்பூர் ஏற்றுமதியாளர்கள் சரக்கோடு ஆய்வுக்கூடச் சான்றையும் அனுப்பப் பழகினார்கள். ஆனால் திருப்பூர்ச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றுக்காக வெளிநாட்டு வாடிக்கையாளர் வரவில்லை. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைப் பாசன விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

தண்ணீரும் விறகும் பற்றிய அந்தக் கேள்விகள் இன்று வாங்கும் நிறுவனங்களின் மென்பொருளில் குடியேறிவிட்டன. பஞ்சு முதல் சட்டை வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணீர், மின்சாரம், கரியமிலக் கணக்கைக் கேட்கிறது அது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி கேட்கும், நிறுவனப் பொறுப்பையும் நிலைத்தன்மையையும் பற்றிய பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை 2022-23 முதல் சந்தை மதிப்பில் முன்னணியிலுள்ள ஆயிரம் பட்டியல் நிறுவனங்களுக்குக் கட்டாயம். அவற்றுக்குச் சரக்குக் கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கும் படிவங்கள் வந்து சேர்கின்றன. மென்பொருளுக்குள் விதிகள் உண்டு. அலகு இல்லாத எண்ணைத் திருப்பி அனுப்பு. வழக்கமான அளவைப் பத்து மடங்கு தாண்டினால் நிறுத்திக் கேள். எண் மின்மீட்டரில் பார்த்ததா, உத்தேசமா என்று குறி. விவரம் வரவே இல்லையென்றால் பொதுச் சராசரியைப் போடு.

தகராறு பெரும்பாலும் அலகில்தான். பட்டறை பில்லில் ‘ஆயிரம் மீட்டர்’ என்று இருக்கும். லாரிப் புகையின் கணக்குக்கு எடை வேண்டும். ஒன்றரை மீட்டர் அகலமும் சதுர மீட்டருக்கு 150 கிராம் கனமும் கொண்ட துணி என்றால் ஆயிரம் மீட்டர் 225 கிலோ. அதையே ஆயிரம் கிலோ என்று யாரோ ஏற்றிவிட்டால் புகை நாலு மடங்குக்கு மேல் ஏறிவிடும். இதில் 1843 ஆணை நம் காலத்துப் பல படிவங்களை விடத் தேவலை. நீளம், அகலம், எடை மூன்றையும் அது ஒன்றாகக் கேட்டது.

பொதுச் சராசரியில்தான் அநியாயம் அதிகம். கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பட்டறையும் அதை அப்படியே சாக்கடையில் விடும் பட்டறையும் அங்கே ஒரே எண்ணாகிவிடுகின்றன. சொந்த எண்ணைக் கொடுக்கலாம்தான்; அதற்கு மீட்டர் வேண்டும், பரிசோதனைக் கட்டணம் வேண்டும், எழுதி வைக்க ஆள் வேண்டும். அந்தச் செலவு பட்டறைக்காரர் தலையில் விழுகிறது. அறிக்கையோ பெரிய நிறுவனத்தின் பெயரில் வெளியாகிறது.

படிவம் அனுப்பும் நிறுவனங்கள் பரிசோதனைக் கட்டணத்தையும் சரக்கு விலையில் சேர்த்துக் கொடுக்கட்டும். பட்டறைக்காரர்களும் அடுத்த பில்லிலிருந்து மீட்டருக்குப் பக்கத்தில் எடையையும் எழுதிவிடுவது நல்லது.