அயோனியன் கடலில் குடும்பப் படகு விடுமுறை

கிரேக்க நாட்டின் மேற்குக் கரையை ஒட்டிய அயோனியன் கடலில் பாய்மரப் படகை வாரக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சென்று வரும் விடுமுறை, சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களிடையே பெயர் பெற்றது. லெஃப்கடா, மெகனீசி, இதாகா, கெஃபலோனியா தீவுகளுக்கு இடைப்பட்ட நீர்ப்பரப்பே இதன் மையம். வாடகை வாரம் பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடியும்.

இக்கடலைத் தேர்வதற்கு முதற் காரணம் காற்று. கிழக்கே ஏஜியன் கடலில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்னும் வடகாற்று நாள்கணக்கில் ஓயாது. சைக்லடீஸ் தீவுகளிடையே அது பியூஃபோர்ட் அளவில் 6, 7 வரை ஏறும். அயோனியனின் மாயிஸ்ட்ரோ அப்படியல்ல. நண்பகலுக்குப் பின் வடமேற்கிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் 3 அல்லது 4 அளவில் வீசி, பொழுது சாய்ந்ததும் அடங்கிவிடும். ஆகவே காலை நேரம் குழந்தைகள் நீந்துவதற்கு. பாய் விரிப்பது பிற்பகலில்.

மணிக்கு 5, 6 கடல் மைல் ஓடும் படகில் நாளொன்றுக்கு 10 முதல் 15 மைல் போதும். ஒரே வாரத்தில் எல்லாத் தீவுகளையும் பார்த்துவிடத் துடிப்பவர்கள் குழந்தைகளை வீட்டில் விட்டு வருவதே நல்லது. லெஃப்கடாவின் நிட்ரியை விட்டுப் புறப்பட்டால், 1968இல் ஒனாசிஸ் – ஜாக்குலின் கென்னடி திருமணம் நடந்த ஸ்கோர்பியோஸ் தீவைக் கடந்து, சிறிது நேரத்திலேயே மெகனீசியை அடையலாம். அங்குள்ள சில உணவகங்களுக்குச் சொந்தப் படகுத்துறை உண்டு; இரவு அங்கே சாப்பிட்டால் படகு கட்டக் காசு கேட்பதில்லை. கெஃபலோனியாவை உலுக்கிய 1953 நிலநடுக்கத்தில் பெரிய சேதமின்றித் தப்பிய அத்தீவின் ஃபிஸ்கார்டோ துறைமுகத்தில் கோடையில் இடம் கிடைப்பது அரிது. முன்மாலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

மாலுமி இல்லாமல் படகை எடுப்பவர் ஓட்டுநர் சான்றிதழ் காட்ட வேண்டும். படகோட்டத் தெரிந்த இன்னொருவரும் உடன் இருக்க வேண்டும் என்பது கிரேக்க விதி. பெற்றோர் இருவரும் பயிற்சி பெற்றவர்களானால் விதி நிறைவேறிவிடும். சிக்கல் துறைமுகத்தில்தான் தெரியும். இங்கு முகப்பில் நங்கூரத்தை இறக்கிவிட்டு, பின்புறமாக நகர்ந்து கரையில் கயிறு கட்டுவது வழக்கம். ஒருவர் சுக்கானில், மற்றவர் நங்கூரத்தில் நின்றால் நான்கு வயதுக் குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. இதற்காகவே பலர் மாலுமியை அமர்த்துகிறார்கள், அல்லது வழிகாட்டிப் படகோடு கூட்டமாகச் செல்லும் ஃப்ளோட்டில்லாவில் சேர்கிறார்கள். மாலுமிக்கு ஓர் அறையும் உணவும் தர வேண்டியிருப்பதால் படகின் அளவை அதற்கேற்ப முடிவு செய்ய வேண்டும்.

இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் அதிகம் சாயாது, தளமும் அகலம். வாடகை கூடுதல், சிறு துறைகளில் இடம் பிடிப்பதும் கடினம். எந்தப் படகானாலும், தொடையிடைப் பட்டையுள்ள உயிர்காப்பு அங்கியைக் குழந்தையின் எடை சொல்லி முன்பதிவின்போதே கேட்க வேண்டும். ஓரக்கம்பிகளில் கட்டும் வலையும் அப்படியே.

மே மாதத்தில் வாடகை குறைவு, ஆனால் நீர் குளிரும். செப்டம்பர் முற்பகுதியில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும்; மாத இறுதியை நெருங்க நெருங்க இடிமழை வாய்ப்பு கூடும்.